மூன்று புள்ளி ஷாட்டின் வரவும் பற்றும்: ஒரு பிளே-ஆஃப் பேரேடு

2018 மே 28. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் மேற்கு மண்டல இறுதித் தொடரின் 7-ஆவது ஆட்டம் ஹூஸ்டனில் நடந்தது. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எடுத்த ஷாட்கள் 44. கூடையில் விழுந்தவை 7. இடையில் ஒன்றன்பின் ஒன்றாக 27 ஷாட்கள் தவறின. பாதி ஆட்டம் முடிந்தபோது 54-43 என்று முன்னிலையில் இருந்த அணி, 92-101 என்று தோற்று வெளியேறியது. அந்தப் பருவத்தில் 65 ஆட்டங்களை வென்ற அணி அது. ஒரு பருவம் முழுக்க இரண்டு புள்ளி ஷாட்களைவிட மூன்று புள்ளி ஷாட்களை அதிகமாக எடுத்த முதல் என்.பி.ஏ. அணியும் அதுதான்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2025 மே மாதம், பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு ஏறக்குறைய அதே கதி. நியூயார்க் நிக்ஸுடன் ஆடிய முதல் ஆட்டத்தில் 60-க்கு 15, இரண்டாவதில் 40-க்கு 10. இரண்டிலும் 20 புள்ளி முன்னிலையைக் கைவிட்டுத் தோற்றது. “தூரத்து ஷாட்டை நம்பும் அணி பருவத்தில் ஜொலிக்கும், கோப்பை வாங்காது” என்ற பழைய தீர்ப்பு மறுபடி எல்லோர் வாயிலும் வந்தது.

அந்தத் தீர்ப்பு தவறு என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அதை மறுக்க ஆர்வம் போதாது, எண்கள் வேண்டும். அதற்குமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மூன்று புள்ளி ஷாட்டை அதிகம் எடுப்பது ஒரு கணக்கு. கூடைக்கடியில் ஆடும் உயரமான சென்டரை உட்காரவைத்துக் குட்டை வீரர்களால் ஆடும் ‘ஸ்மால் பால்’ வேறொரு கணக்கு. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் ஒன்றின் நட்டம் மற்றொன்றின் பெயரில் எழுதப்பட்டுவிடுகிறது. இங்கே தனித்தனி ஏடுகளாகப் பார்ப்போம்.

ஏடு 1: ஒரு ஷாட்டின் விலை

என்.பி.ஏ.யில் மூன்று புள்ளிக் கோடு 1979-80 பருவத்தில் வந்தது. நடுவில் கூடையிலிருந்து 7.24 மீட்டர், மூலைகளில் 6.70 மீட்டர். நம் மைதானங்களில் போடப்படும் சர்வதேசக் கோடு 6.75 மீட்டர். என்.பி.ஏ. கோடு நடுவில் அதைவிட அரை மீட்டர் தள்ளி என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக எடுத்த மூன்று புள்ளி ஷாட்கள்:

1979-80: 2.8
2012-13: 20.0
2015-16: 24.1
2018-19: 32.0
2024-25: 37.6

இந்த வளர்ச்சிக்குக் காரணம் எளிய பெருக்கல். இன்றைய லீக்கில் மூன்று புள்ளி ஷாட் ஏறத்தாழ 36 சதவீதம் விழுகிறது. 3 × 0.36 = 1.08 புள்ளி. எல்லா இரண்டு புள்ளி ஷாட்களையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 54 சதவீதம். 2 × 0.54 = 1.08 புள்ளி. இரண்டும் சமம் என்றால் எதற்காக இந்த ஓட்டம்?

இரண்டு புள்ளி ஷாட் ஒரே சரக்கு இல்லை என்பதுதான் பதில். கூடைக்கு அடியில் போடும் லே-அப், டங்க் போன்றவை 65 சதவீதம் விழுவதாக வைத்துக்கொண்டால் 1.30 புள்ளி. இடைத்தூரத்திலிருந்து, அதாவது கோட்டுக்கு உள்ளேயும் கூடைக்குத் தள்ளியும் எடுப்பது 42 சதவீதம் என்றால் 0.84 புள்ளி. மூன்று புள்ளி ஷாட் பிடித்த இடம் இந்த இடைத்தூர ஷாட்டுடையது. ஒவ்வொரு மாற்றத்திலும் 0.24 புள்ளி லாபம்.

ஓர் ஆட்டத்தில் 20 இடைத்தூர ஷாட்களை இப்படி மாற்றினால் 20 × 0.24 = 4.8 புள்ளி. ஆட்டத்துக்குச் சராசரி ஒரு புள்ளி கூடினால் 82 ஆட்டப் பருவத்தில் ஏறக்குறைய இரண்டரை வெற்றி கூடும் என்பது லீக்கில் நெடுநாளாக ஒத்துக்கொள்ளப்பட்ட கணக்கு. அப்படியானால் 4.8 புள்ளி என்பது 12 வெற்றி. 41 வெற்றி பெற வேண்டிய நடுத்தர அணி 53 வெற்றிக்குப் போய்விடும். எல்லா அணிகளும் இதைச் செய்தபின் அந்த லாபம் பொதுவாகிவிட்டது. செய்யாமலிருப்பது மட்டுமே நட்டமாக நிற்கிறது.

ஏடு 2: ஏற்ற இறக்கம்

எதிர்ப்பாளர்களின் வலுவான வாதம் இங்கே இருக்கிறது. மூன்று புள்ளி ஷாட் ஒரு நாள் விழும், ஒரு நாள் விழாது. பிளே-ஆஃப் என்ற நாக்-அவுட் தொடரில் விழாத நாள் வந்தால் கதை முடிந்தது என்கிறார்கள். அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரியது என்பதையும் அளந்துவிடலாம்.

ஒவ்வொரு ஷாட்டும் தனித்தனி என்று கொண்டால், 36 சதவீத மூன்று புள்ளி ஷாட்டின் திட்ட விலக்கம் 1.44 புள்ளி, 54 சதவீத இரண்டு புள்ளி ஷாட்டுக்கு 1.00 புள்ளி. இரண்டு அணிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஆட்டத்துக்கு 80 ஷாட் எடுப்பவை.

பழைய பாணி அணி, மூன்று 20, இரண்டு 60: சராசரி 86.4, திட்ட விலக்கம் ஏறத்தாழ 10.1
புதிய பாணி அணி, மூன்று 40, இரண்டு 40: சராசரி 86.4, திட்ட விலக்கம் ஏறத்தாழ 11.1

வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. மூன்று புள்ளி ஷாட்களை இரட்டிப்பாக்கினாலும் ஓர் ஆட்டத்தின் ஆட்டங்காணல் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. இரண்டு புள்ளி ஷாட்டை நம்பும் அணிக்கும் விழாத நாள் உண்டு. அதை யாரும் பெயர் வைத்து நினைவில் வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். இடைத்தூர ஷாட்டை மாற்றினால் முதல் ஏட்டின்படி லாபம் 4.8, கூடுதல் ஆபத்து 1. இந்தப் பேரத்தை எந்தப் பயிற்சியாளரும் மறுக்கக் கூடாது.

ஆனாலும் விழாத நாள் வந்தே தீரும். 36 சதவீத அணி 40 ஷாட் எடுத்தால் சராசரியாக 14.4 விழும். 10 அல்லது அதற்கும் குறைவாக விழும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. இந்த நாளை ‘வறண்ட இரவு’ என்று அழைப்போம். கோப்பை வெல்ல நான்கு சுற்றுகளில் 16 வெற்றி வேண்டும். அதற்கு ஆடவேண்டியது குறைந்தது 16 ஆட்டம், அதிகபட்சம் 28. ஆக, ஒரு கோப்பைப் பயணத்தில் இரண்டு வறண்ட இரவாவது வரும் என்று எழுதிவைத்துக்கொண்டே புறப்பட வேண்டும்.

ஹூஸ்டனின் இரவு இதையும் மீறியது. அந்தப் பருவத்தில் அவர்களின் சதவீதம் 36.2. அந்தக் கணக்கில் 44-க்கு 16 விழுந்திருக்க வேண்டும். 7 அல்லது அதற்குக் குறைவாக விழும் வாய்ப்பு ஏறத்தாழ 250 முதல் 300 ஆட்டங்களுக்கு ஒன்று. பாஸ்டனின் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்தால் 100-க்கு 25. அவர்களின் பருவச் சதவீதமான 36.8-ஐ வைத்துப் பார்த்தால் இது நூறில் ஒருமுறை நடப்பது. எதிரணியின் தடுப்பும் களைப்பும் இந்த எண்களைச் சற்று மாற்றும். எப்படிப் பார்த்தாலும் இரண்டுமே அரிய நிகழ்வுகள். அவற்றை ஒரு பாணியின் இயல்பான முடிவாகக் காட்டுவது நியாயமில்லை.

ஏடு 3: வறண்ட இரவுகளின் பட்டியல்

தோற்ற வறண்ட இரவுகள் மட்டுமே பேசப்படுகின்றன. வென்றவற்றையும் சேர்த்து எழுதினால் பட்டியல் இப்படி இருக்கிறது.

2016 இறுதித் தொடர், 7-ஆவது ஆட்டம்: கிளீவ்லேண்ட் 25-க்கு 6. வெற்றி, 93-89.
2018 மேற்கு மண்டல இறுதி, 7-ஆவது ஆட்டம்: ஹூஸ்டன் 44-க்கு 7. தோல்வி, 92-101.
2022 இறுதித் தொடர், 5-ஆவது ஆட்டம்: கோல்டன் ஸ்டேட் 40-க்கு 9. வெற்றி, 104-94.
2025 கிழக்கு மண்டல இரண்டாம் சுற்று, முதல் ஆட்டம்: பாஸ்டன் 60-க்கு 15. கூடுதல் நேரத்தில் தோல்வி, 105-108.
அதே தொடர், 2-ஆவது ஆட்டம்: பாஸ்டன் 40-க்கு 10. தோல்வி, 90-91.
2025 இறுதித் தொடர், 4-ஆவது ஆட்டம்: ஓக்லஹோமா சிட்டி மொத்தமே 3. வெற்றி, 111-104.

மூன்று வெற்றி, மூன்று தோல்வி. வென்ற மூன்று அணிகளும் அந்த ஆண்டின் சாம்பியன்கள்.

2022-இன் வரியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மூன்று புள்ளி ஆட்டத்தின் முகமே ஸ்டெஃபன் கறிதான். அன்று அவர் எடுத்த 9 மூன்று புள்ளி ஷாட்களும் தவறின. 233 ஆட்டங்களாகக் குறைந்தது ஒன்றாவது போட்டுவந்த அவருடைய தொடர்ச்சி அன்று அறுந்தது. அப்படியும் அணி 10 புள்ளியில் வென்றது. ஆண்ட்ரூ விக்கின்ஸ் 26 புள்ளியும் 13 ரீபவுண்டும் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். பாஸ்டன் பந்தை மறுபடி மறுபடி இழந்தது. அந்தப் பருவத்தில் லீக்கின் இரண்டாவது சிறந்த தடுப்பாட்டம் கோல்டன் ஸ்டேட்டுடையது. கறியின் ஷாட் இல்லாத இடத்தைத் தடுப்பு நிரப்பியது.

2025-இல் ஓக்லஹோமா செய்ததும் இதுவே. மூன்று புள்ளி ஷாட்டில் 9 புள்ளிதான் வந்தது. ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து 34 புள்ளி வந்தது. ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 35 புள்ளி எடுத்தார். லீக்கின் முதல் தர தடுப்பு மீதியைப் பார்த்துக்கொண்டது.

இப்போது தோல்விகள். ஹூஸ்டனுக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தவை 9 கூடை, அதாவது 27 புள்ளி. தோற்றதோ 9 புள்ளியில். எடுத்த 44-இல் இன்னும் மூன்று விழுந்திருந்தால் ஆட்டம் சமம். தொடையில் காயம்பட்ட கிறிஸ் பால் வெளியே உட்கார்ந்திருந்த நிலையில், 250 ஆட்டங்களுக்கு ஒருமுறை வரும் இரவில், கெவின் டியூரன்ட்டும் கறியும் ஒன்றாக ஆடிய கோல்டன் ஸ்டேட்டிடம் இவ்வளவு நெருங்கி வந்த அணியைப் பார்த்து “இந்தப் பாணி செல்லாது” என்று சொல்லக் கணக்கில் இடமில்லை. பாஸ்டனின் இரண்டு தோல்விகளின் வித்தியாசத்தையும் கூட்டினால் 4 புள்ளி. அதே பாஸ்டன் அடுத்த ஆட்டத்தில் 40-க்கு 20 போட்டு 115-93 என வென்றது. ஆனால் பாஸ்டனின் பேரேட்டில் ஒரு பற்று உண்மையானது: 20 புள்ளி முன்னிலை கரையும்போது வேறு வழியில் புள்ளி தேடாமல் அதே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். இரண்டு ஆட்டத்தின் கடைசி நொடிகளிலும் நிக்ஸின் மிக்கல் பிரிட்ஜஸ் அவர்களிடமிருந்து பந்தைப் பறித்தார்.

ஏடு 4: சாம்பியன்கள் எவ்வளவு எடுத்தார்கள்

2015 முதல் 2025 வரையிலான 11 சாம்பியன்கள் பருவத்தில் ஆட்டத்துக்கு எடுத்த மூன்று புள்ளி ஷாட்கள், முழு எண்ணாக்கி. அடைப்புக்குள் இருப்பது அந்த ஆண்டின் லீக் சராசரி.

2015 கோல்டன் ஸ்டேட்: 27 (22)
2016 கிளீவ்லேண்ட்: 30 (24)
2017 கோல்டன் ஸ்டேட்: 31 (27)
2018 கோல்டன் ஸ்டேட்: 29 (29)
2019 டொராண்டோ: 34 (32)
2020 லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ்: 32 (34)
2021 மில்வாக்கி: 37 (35)
2022 கோல்டன் ஸ்டேட்: 39 (35)
2023 டென்வர்: 31 (34)
2024 பாஸ்டன்: 42 (35)
2025 ஓக்லஹோமா சிட்டி: 39 (38)

11-இல் 8 அணிகள் சராசரிக்கு மேல். ஒன்று சராசரியில். சராசரிக்குக் கீழே இரண்டே இரண்டு: லெப்ரான் ஜேம்ஸும் ஆண்டனி டேவிஸும் இருந்த லேக்கர்ஸ், நிகோலா யோகிச் இருந்த டென்வர். அப்படிப்பட்ட ஆட்கள் இருந்தால் எந்தப் பாணியும் செல்லும். லீக்கிலேயே அதிக மூன்று புள்ளி ஷாட் எடுத்தும் கோப்பை வென்ற அணி இந்தப் பட்டியலில் ஒன்று இருக்கிறது: 2024 பாஸ்டன். பருவத்தில் 64 வெற்றி, பிளே-ஆஃபில் 16 வெற்றி, 3 தோல்வி. “மூன்று புள்ளி ஆட்டத்தால் கோப்பை வெல்ல முடியாது” என்ற வாக்கியத்துக்கு அந்த 16-3 போதுமான பதில்.

அந்த பாஸ்டனில் இன்னொரு விவரம் கவனிக்கப்படவில்லை. அவர்களின் சென்டர் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் 7 அடி 2 அங்குலம். அவருக்கு மாற்றாக வந்த ஆல் ஹார்ஃபோர்டும் உயரமானவர். ஐந்து பேரும் கோட்டுக்கு வெளியே நிற்கும் ஆட்டம்தான் அவர்களுடையது. ஆனால் அது குட்டை அணி இல்லை. 2021 மில்வாக்கியின் புரூக் லோபஸ் 7 அடிக்காரர், மூன்று புள்ளி ஷாட் போடுபவர். ஓக்லஹோமாவின் செட் ஹோம்கிரன் 7 அடி 1 அங்குலம், அவரும் அப்படியே. தூரத்து ஷாட்டையும் உயரத்தையும் ஒரே ஆளிடம் சேர்த்து வாங்கக் கற்றுக்கொண்டதே இந்தப் பத்தாண்டின் பெரிய மாற்றம்.

ஏடு 5: உயரத்தின் கணக்கு

ஸ்மால் பாலின் வரலாற்றில் முதலில் சொல்லப்படும் பெயர் ஃபீனிக்ஸ் சன்ஸ், 2004-05. பயிற்சியாளர் மைக் டி’ஆன்டோனி. ஸ்டீவ் நாஷ் பந்தை எடுத்து ஓடுவார். 6 அடி 10 அங்குல அமாரே ஸ்டவுடமயர் சென்டர். ஆட்டத்துக்கு 110.4 புள்ளி, 62 வெற்றி. அன்று லீக்கிலேயே அதிகமாக அவர்கள் எடுத்த மூன்று புள்ளி ஷாட் 24.7. இன்று அந்த அளவுக்குக் குறைவாக எடுக்கும் அணி ஒன்றுகூட இல்லை.

மேற்கு மண்டல இறுதியில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அவர்களை 4-1 என வென்றது. முதல் ஆட்டத்தின் முடிவு 121-114. சன்ஸின் தாக்குதல் நின்றுபோகவில்லை. ஸ்டவுடமயர் அந்தத் தொடரில் ஆட்டத்துக்கு 37 புள்ளி எடுத்தார். சன்ஸால் எதிரணியைத்தான் நிறுத்த முடியவில்லை. அவர்களின் தடுப்பு லீக்கின் நடுவரிசை. மூன்று புள்ளி ஷாட்டில் கிட்டத்தட்ட 48 சதவீதம் வைத்திருந்த ஜோ ஜான்சன் முக எலும்பு முறிந்து முதல் இரண்டு ஆட்டங்களில் இல்லை. அவற்றில் தோற்றது 7 புள்ளியிலும் 3 புள்ளியிலும். அந்தத் தோல்வியைத் தூரத்து ஷாட்டின் பெயரில் எழுதியது பழைய தீர்ப்பின் முதல் பிழை.

பிறகு வந்தவர்கள் அந்தக் குறையைத் திருத்தினார்கள். 2012-இல் மயாமி ஹீட் கிறிஸ் பாஷைச் சென்டராக்கியது. ஷேன் பாட்டியர் இறுதித் தொடரில் 26-க்கு 15 மூன்று புள்ளி ஷாட் போட்டார். கடைசி ஆட்டத்தில் மைக் மில்லர் 8-க்கு 7. ஓக்லஹோமாவை 4-1 என வென்று கோப்பை. 2014-இல் ஸ்பர்ஸ், இறுதித் தொடரின் 3-ஆவது ஆட்டத்தில் உயரமான தியாகோ ஸ்ப்ளிட்டருக்குப் பதில் போரிஸ் டியாவைத் தொடக்க ஐவரில் இறக்கியது. 2006-இல் சன்ஸில் சென்டர் ஆடிய அதே டியாவ். அந்த ஆட்டத்திலிருந்து ஸ்பர்ஸ் வரிசையாக 19, 21, 17 புள்ளி வித்தியாசத்தில் வென்றது.

2015 இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் 1-2 எனப் பின்தங்கியிருந்தது. 4-ஆவது ஆட்டத்தில் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர், 7 அடி ஆண்ட்ரூ போகட்டுக்குப் பதில் 6 அடி 6 அங்குல ஆண்ட்ரே இகுவோடலாவைத் தொடக்கத்தில் இறக்கினார். யோசனை சொன்னவர் உதவியாளர் நிக் யூரென். 6 அடி 6 அங்குல டிரேமண்ட் கிரீன் சென்டர். முடிவுகள்: 103-82, 104-91, 105-97. மூன்றும் வெற்றி. தொடரின் சிறந்த வீரர் இகுவோடலா.

இங்கே ஒரு பொது அம்சம் இருக்கிறது. 2014-இலும் 2015-இலும் ஸ்மால் பால் தொடரின் நடுவே எடுத்த மாற்றம். அந்த இரு அணிகளிடமும் உயரமான சென்டர் கையில் இருந்தார். எப்போது உட்காரவைப்பது என்று தெரிந்திருந்தது. 2016-இல் அந்த இருப்பு கைவிட்டுப் போனது. 73 ஆட்டம் வென்ற கோல்டன் ஸ்டேட் இறுதியில் 3-1 என முன்னால் இருந்தது. 5-ஆவது ஆட்டத்தில் கிரீன் தடையில் வெளியே. போகட் முழங்காலில் அடிபட்டு விழுந்தார். அந்த ஆட்டத்தையும் சேர்த்து மூன்றையும் தோற்றது.

2020-இல் ஹூஸ்டன் இந்தச் சோதனையை எல்லை வரை கொண்டுபோனது. பயிற்சியாளர் மறுபடியும் டி’ஆன்டோனி. பிப்ரவரியில் 6 அடி 10 அங்குல கிளின்ட் கபேலாவை விற்றுவிட்டு, 6 அடி 5 அங்குல பி.ஜே. டக்கரைச் சென்டராக்கினார்கள். ஆட்டத்துக்கு 45 மூன்று புள்ளி ஷாட். முதல் சுற்றில் ஓக்லஹோமாவை 4-3 என வென்றார்கள். இரண்டாம் சுற்றில் லேக்கர்ஸை முதல் ஆட்டத்தில் 112-97 என வீழ்த்தினார்கள். பிறகு நான்கு தோல்வி. 4-ஆவது ஆட்டத்தில் ரீபவுண்டு லேக்கர்ஸ் 52, ஹூஸ்டன் 26. லேக்கர்ஸ் தன் பெரிய சென்டர்களைக் குறைத்து டேவிஸை நடுவில் நிறுத்தியது. ஹூஸ்டன் குட்டையானபோது லேக்கர்ஸாலும் குட்டையாக முடிந்தது. லேக்கர்ஸ் பெரிதானபோது ஹூஸ்டனால் பெரிதாக முடியவில்லை.

2025 இறுதித் தொடர் இதற்கு எதிர்த்திசைச் சான்று. ஓக்லஹோமா முதல் மூன்று ஆட்டங்களை 7 அடி ஐசாயா ஹார்ட்டென்ஸ்டைனை வெளியே வைத்துக் குட்டை ஐவருடன் தொடங்கி இண்டியானாவிடம் 1-2 எனப் பின்தங்கியது. 4-ஆவது ஆட்டத்தில் அவரைத் திரும்பத் தொடக்கத்தில் இறக்கியது. மூன்று புள்ளி ஷாட் மூன்றே விழுந்து வென்ற ஆட்டம் அதுதான். கடைசியில் 4-3 எனக் கோப்பை.

குட்டை ஐவரின் பற்று-வரவைச் சுமாரான ஊகங்களுடன் எழுதிப் பார்க்கலாம். ஓர் ஆட்டம் முழுதும் அப்படியே ஆடுவதாக வைத்துக்கொள்வோம்.

வரவு: இடைத்தூர ஷாட் 6, மூன்று புள்ளி ஷாட்டாக மாறுகிறது: +1.4
வரவு: கூடைக்கடியில் இடம் திறந்து, இடைத்தூர ஷாட் 2, லே-அப்பாக மாறுகிறது: +0.9
பற்று: எதிரணிக்குக் கூடுதலாக 3 தாக்குதல் ரீபவுண்டு (தன் தவறிய ஷாட்டைத் தானே பிடிப்பது), ஒவ்வொன்றும் 1.1 புள்ளி: −3.3
பற்று: கூடைக்கடியில் எதிரணியின் 20 ஷாட், 4 சதவீதம் கூடுதலாக விழுகிறது: −1.6
நிகரம்: −2.6

இந்தப் பள்ளத்தை மூட ஒரே வழி, எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது. ஒரு பறிப்பு 1.1 புள்ளி என்றால் இரண்டு மூன்று பறிப்பு கூடுதலாக வேண்டும். கிரீன், இகுவோடலா, பாட்டியர், லெப்ரான் போன்றவர்கள் இருந்த அணிகளுக்கு அது முடிந்தது. குட்டையாக இருப்பதால் மட்டும் அது வராது. தன்னைவிட அரை அடி உயர்ந்தவனைத் தோளால் தாங்கி நிறுத்தும் ஆட்கள் வேண்டும். அந்த உழைப்பை 48 நிமிடமும், ஒரு நாள்விட்டு ஒரு நாள், இரண்டு மாதம் செய்ய யாராலும் முடியாது. அதனால்தான் ஸ்மால் பால் நிமிடக் கணக்கில் லாபம் தருகிறது, மாதக் கணக்கில் நட்டம் தருகிறது.

ஏடு 6: பிளே-ஆஃபில் மாறுவது என்ன

பருவத்தில் ஒரு நாள் ஓர் அணி, மறுநாள் வேறு அணி. பிளே-ஆஃபில் ஒரே எதிரணி ஏழு ஆட்டம் வரை. அவர்கள் மூலையில் நிற்பவனை விட்டு நகர மாட்டார்கள். ஷாட் போடத் தெரியாதவனை ஆளே வைக்காமல் விடுவார்கள். தடுக்கத் தெரியாதவனைத் தேடிப்பிடித்து அவன்மேலேயே ஆடுவார்கள். ஆட்டத்தின் வேகம் குறையும். எட்டு ஒன்பது பேரே மாறி மாறி ஆடுவார்கள். இவை எல்லாப் பாணிகளையும் கடிக்கும். ஒரே வித்தை வைத்திருப்பவனை அதிகம் கடிக்கும்.

தொடரின் நீளமும் கணக்கில் வர வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பை வைத்து ஏழு ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு:

ஆட்டத்துக்கு 55 சதவீதம் என்றால் தொடரில் 61 சதவீதம்
60 என்றால் 71
65 என்றால் 80

ஏழு ஆட்டம் அதிர்ஷ்டத்தைத் தேய்த்து, சிறந்த அணிக்குச் சாதகம் செய்கிறது. மூன்று புள்ளி ஷாட்டின் கூடுதல் ஆட்டங்காணலும் அதிலேயே தேய்ந்துவிடும். ஆனால் தொடருக்கு 80 சதவீதம் உள்ள அணிகூட நான்கு சுற்றையும் தாண்டும் வாய்ப்பு 41 சதவீதம்தான். மிகச் சிறந்த அணி தோற்பதே வழக்கமான முடிவு. அப்படித் தோற்ற ஒவ்வொரு முறையும் அதன் பாணியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் உலகில் குற்றமற்ற பாணி எதுவும் மிஞ்சாது.

ஐந்தொகை

வறண்ட இரவின் விலையை இப்போது துல்லியமாக எழுதலாம். 40 ஷாட்டில் 36 சதவீதம் விழ வேண்டியது 25 சதவீதம் விழுந்தால் இழப்பு 13.2 புள்ளி. இதைத் திரும்ப எடுக்கும் வழிகளும் தெரிந்தவையே. கூடுதலாக 5 தாக்குதல் ரீபவுண்டு: 5.5. கூடுதலாக 4 பந்துப் பறிப்பு: 4.4. கூடுதலாக 4 ஃப்ரீ த்ரோ: 4. மொத்தம் 13.9.

பருவம் முழுக்க அணிகள் எதிரணியைவிடச் சராசரியாக எத்தனை புள்ளி கூடுதலாக எடுத்தன என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2005 ஃபீனிக்ஸ்: 7.1
2018 ஹூஸ்டன்: 8.5
2025 பாஸ்டன்: 9.1
2015 கோல்டன் ஸ்டேட்: 10.1
2024 பாஸ்டன்: 11.3
2025 ஓக்லஹோமா: 12.9

முதல் மூன்றும் தோற்றன, பின் மூன்றும் கோப்பை வாங்கின. 13 புள்ளி இழப்பைத் தாங்க ஹூஸ்டனுக்கு இன்னும் நாலரைப் புள்ளி வேறு வழியில் தேவைப்பட்டது. ஓக்லஹோமாவுக்கு ஏறக்குறைய எதுவும் தேவைப்படவில்லை. இந்த அட்டவணையில் மேலும் கீழும் இருப்பவர்கள் எல்லோருமே தம் காலத்தில் தாராளமாக மூன்று புள்ளி ஷாட் எடுத்தவர்கள். அவர்களைப் பிரிப்பது ஷாட்டின் எண்ணிக்கை இல்லை. தடுப்பு, ரீபவுண்டு, ஃப்ரீ த்ரோ என்ற மற்றக் கணக்குகளில் எவ்வளவு சேமித்து வைத்திருந்தார்கள் என்பதுதான்.

ஆகவே என் முடிவுகள் மூன்று. மூன்று புள்ளி ஷாட்டை நம்பும் ஆட்டம் பிளே-ஆஃபில் வெல்லும்; வென்றும் இருக்கிறது; இன்று அதைக் குறைத்துக்கொண்டு வெல்ல ஒரு யோகிச் வேண்டும். ஸ்மால் பால் தொடரின் திருப்புமுனையில், தடுக்கத் தெரிந்த ஐவருடன், சில நிமிடங்களுக்கோ சில ஆட்டங்களுக்கோ இறக்கும்போது வெல்லும். வீட்டில் உயரமே இல்லாமல் அதை மட்டும் வைத்துப் புறப்பட்டால் இரண்டாம் சுற்றோடு நிற்கும். கோப்பைக்குத் தகுதியான அணியை அடையாளம் காண விரும்புபவர்கள், அது 20 மூன்று புள்ளி ஷாட் போட்ட இரவைப் பார்க்க வேண்டாம். 40-க்கு 10 விழுந்த இரவில் அது எத்தனை ரீபவுண்டு எடுத்தது, எத்தனை முறை பந்தைப் பறித்தது, எத்தனை முறை ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போனது என்று பார்க்கட்டும். பருவம் முழுக்க அப்படி எட்டு ஆட்டங்கள் கிடைக்கும். ஏப்ரல் வருவதற்கு முன்பே விடை அவற்றில் எழுதப்பட்டிருக்கும்.